விரிப்புக்கு அடியில்

பழைய மடிக்கணினியைத் தூக்கி எறிவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. உங்கள் மேசைமேல் இருக்கிறதே, என் மனைவியின் கணினி, அதன் கீல் ஆடும். திரையின் ஓரத்தில் ஒரு கீறல் உண்டு. அவளுடைய அண்ணன் அதைப் பழைய சாமான் கடையில் போடச் சொன்னார். நான்தான் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு அதற்கு மறுவாழ்வு கொடுத்தேன். அதன்மேல் எந்தக் குற்றமும் சொல்ல மாட்டேன். சொன்ன வேலையை அது ஒழுங்காகச் செய்தது.

வரிசையாகவே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. என் தொழில் அப்படி. கடை, அச்சகம், பள்ளிக்கூடம் என்று பலருடைய கணினிச் சேமிப்பைப் பார்த்துக்கொள்பவன் நான். வீட்டில் ஓர் அறைதான் எனக்கு அலுவலகம். நடுவில் ஒரு படியை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினால் என்ன ஆகும் என்று வாடிக்கையாளர்களுக்குப் பாடம் எடுத்து எடுத்தே எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. கடைசியில் நானே ஒரு படியை விட்டேன். அதற்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். பெயர் என்னவாக இருந்தாலும் வீட்டில் அவள் வாயாடி. எட்டு வயது. தன் அம்மாவின் பழைய போனை வைத்துக்கொண்டு வானொலி நிலையம் நடத்தினாள். "அன்பார்ந்த நேயர்களே, இது வாயாடி வானொலி. சமையலறையில இன்னிக்கு இடியோட கூடிய மழை. அம்மா பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறாங்க. யாரும் உள்ள போகாதீங்க." இப்படி. மாடியில் குடியிருந்த தன் மாமாவையும் விட்டுவைக்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். "மாமா, லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க முதல்ல என்ன சொல்லிக் கத்துவாங்க?" என்று பேட்டி எடுப்பாள். என் அறைக்கதவையும் நாள் தவறாமல் தட்டுவாள். எனக்கு அப்போதெல்லாம் வேலை இருக்கும்.

அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. போன வருடம் ஒரு சாயங்காலம் அதில்தான் போனாள். என் மனைவி மருத்துவமனையில் செவிலி. அன்று அவளுக்கு மாலை முறை. நான் வேலையை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது குழந்தை படுக்கையில் போர்வை போர்த்திக் கிடந்தாள். மூச்சு மருந்துக் குழல் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தூங்கும்போதே, சத்தம் இல்லாமல், எடுத்துக்கொள்ளக்கூட நேரம் இல்லாமல். இதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன். டாக்டரும் அப்படித்தான் எழுதினார். இப்போதைக்கு அது அப்படியே இருக்கட்டும்.

அதன்பின் என் மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அந்தப் போனில் இருந்த பதிவுகளைப் பழையதிலிருந்து வரிசையாக, ஒரு நாளைக்கு ஒன்று என்று கேட்க ஆரம்பித்தாள். வேலைக்குக் கிளம்புமுன், தலை சீவிக்கொண்டே கேட்பாள். ஏன் ஒன்றே ஒன்று என்று கேட்டேன்.

"சீக்கிரம் தீந்துடக் கூடாதுல்ல" என்றாள். "தினமும் புதுசா ஒண்ணு இருக்குன்னா, அவ இன்னும் பேசிக்கிட்டே இருக்கிற மாதிரி."

பிறகு போனின் பேட்டரி உப்பியது. அவள் பயந்துபோனாள். ஒரே இடத்தில் இருந்தால் எப்போதாவது போய்விடும், என்னங்க, ஏதாவது செய்யுங்க என்றாள். எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. அவளுக்காகச் செய்ய எனக்குத் தெரிந்த வேலை ஒன்று அகப்பட்டதே.

இரண்டு சிறிய சர்வர் பெட்டிகள் வாங்கினேன். ஒன்றை என் அறையில் வைத்தேன், மற்றதை மாடியில் மச்சான் வீட்டில். ஒரு பெட்டியில் எது எழுதப்பட்டாலும் மற்றதிலும் அந்தக் கணமே எழுதப்படும். ஒன்று எரிந்து சாம்பலானாலும் மற்றது பேசும். மச்சான் படிக்கட்டு வழியாகக் கேபிள் இழுத்துக் கொடுத்தார்.

"புருஷன் பொண்டாட்டி மாதிரி வச்சிருக்கீங்க, மாப்பிள்ளை. ஒருத்தர் மறந்தா இன்னொருத்தர் ஞாபகப்படுத்துவாங்க" என்றார்.

"சண்டை வந்தா?" என்றாள் என் மனைவி. குழந்தை போனபின் அவள் அன்றுதான் முதல்முறை சிரித்தாள்.

அடுத்து அவளுடைய மடிக்கணினி. பெட்டிகளில் இருப்பது அதில் தெரிய வேண்டும். அதற்குரிய மென்பொருளைப் போட்டேன். இரண்டு பெட்டிகளின் பெயரையும் முகவரியையும் எழுதினேன். முதல் பெட்டி பதில் சொல்லாவிட்டால் இரண்டாவதைக் கேள் என்று சொல்லி வைத்தேன். நெட்வொர்க் வரும்வரை காத்திரு, வராவிட்டால் கவலைப்படாமல் மேலே போ என்றும் எழுதினேன். பிறகு 'வாயாடி' என்ற பெயரில் ஒரு வெற்று ஃபோல்டரைத் திறந்தேன். பெட்டிகளில் இருக்கும் சேமிப்பைக் கொண்டுவந்து இப்படி ஒரு ஃபோல்டரில் பொருத்துவதை மவுண்ட் செய்வது என்போம். "எல்லாம் இதுக்குள்ளதான் வரும்" என்று அவளிடம் காட்டினேன். மறுநாள் போனிலிருந்து பதிவுகளைப் பெட்டிகளுக்கு ஏற்றினேன், மவுண்ட் செய்தேன், எல்லாம் வந்தன.

நான் விட்ட படி இதுதான். மவுண்ட் செய்யும் முன் அந்த ஃபோல்டர் இன்னும் வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. அது நான் திறந்த ஃபோல்டர்; அதில் என்ன இருக்கப்போகிறது? லினக்ஸும் வாயைத் திறக்காது. ஏற்கெனவே ஏதாவது இருந்தால், தரையில் கிடக்கும் சாமான்மேல் விரிப்பை விரித்தது போல, மேலே விரித்துவிட்டுப் போய்விடும். அடியில் இருப்பது அழியாது. கண்ணுக்குத்தான் தெரியாது.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து கடைசிப் பதிவைக் கேட்டேன். தேதியைப் பார்த்துத்தான் கேட்டேன். அவள் போன நாளின் தேதி.

நான் பயந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை. அந்தப் பதிவு என் மனைவியின் காதில் விழக்கூடாது என்று முடிவு செய்தேன். அதில் குழந்தை மூச்சுக்குத் திணறுகிறாள். எந்தத் தாய் அதைத் தாங்குவாள்? அவளைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு. வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருபவள் என்றைக்காவது அதற்கு வந்துதானே தீர வேண்டும்? பழைய போனை உடனே துடைத்தழித்து, பேட்டரி வெடித்துவிடும் என்று காரணம் சொல்லி, கழிவு எடுப்பவரிடம் கொடுத்தேன். பிறகு என் அறையில் இருந்த பெட்டியின் வட்டுக்குள் நேராகக் கைவைத்து அந்தப் பதிவை அழித்தேன். படுத்துத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் அது திரும்ப வந்திருந்தது.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு பெட்டியில் இருப்பது மற்றதில் இல்லாவிட்டால், இருக்கும் பெட்டி இல்லாத பெட்டிக்குக் கொடுத்து அதைக் குணப்படுத்தும். அதற்காகத்தான் அதைக் கட்டினேன். என் மனைவி காலையில் ஃபோல்டரைத் திறந்திருக்கிறாள், மாடியில் இருந்த பெட்டி கீழே இருந்த பெட்டிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. புதிதாக வேலை பழகுபவர்கள் செய்யும் தவறு. வாடிக்கையாளர் யாராவது செய்திருந்தால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும், அந்தப் பதிவின் பெயரைப் பார்த்ததும் நான் திரையை அணைத்துவிட்டேன். அன்று முழுவதும் யாரோ அறைக்கதவைத் தட்டுவது போலவே இருந்தது. எழுந்து போய்த் திறந்தும் பார்த்தேன். யாரும் இல்லை.

மாடிக்குப் போய் அங்கிருக்கும் பெட்டிக்குள்ளும் கைவைக்க முடியாது. மச்சான் வீட்டில் இருப்பார். முறைப்படி அழிக்க வேண்டுமானால் ஒரே வழி, மவுண்ட் செய்த கணினியிலிருந்து அழிப்பது. அப்போது இரண்டு பெட்டிகளிலும் ஒரேயடியாகப் போகும். மவுண்ட் செய்த கணினி ஒன்றுதான் இருந்தது. அவளுடையது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கடைசிப் பதிவு எந்தத் தேதி என்று அவளுக்கு மனப்பாடம். ஒன்று மட்டும் காணாமல் போனால் திருட்டு என்று தோன்றும். நிறையக் காணாமல் போனால் பழுது என்று தோன்றும். ஆகவே இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆரம்பித்தேன். அவள் குளிக்கப் போகும்போது ஒன்று, மதியம் கண்ணயரும்போது ஒன்று. கடைசிப் பதிவு அவற்றோடு சேர்ந்து போயிற்று. அதோடு நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் இத்தோடு நின்றது என்று கேள்வி வரும் அல்லவா?

அவள் முதலில் என்னிடம்தான் ஓடி வந்தாள். "என்னங்க, மாமாவைப் பேட்டி எடுத்தது காணோம். நேத்துகூடப் பாத்தேனே."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது போலத் தேடினேன். எந்தக் கணினியிலிருந்து எது அழிக்கப்பட்டாலும் பெட்டிகள் குறித்துவைக்கும். அதைத் திறந்து அவளுக்குக் காட்டினேன்.

"உன் மெஷின்ல இருந்துதான் போயிருக்கு. பாரு."

"நானா?"

"தூக்கக் கலக்கத்துல கை பட்டிருக்கும். விடு."

அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை நான் மறக்கவில்லை. அதட்டவில்லை, குத்திக்காட்டவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

சில மாதங்களில் அவள் கணினியை ஒரே ஒரு விரலால் மட்டும் தொட ஆரம்பித்தாள். பிறகு, "நேயர்களுக்கு ஒரு புதிர்னு ஒரு பதிவு இருந்துச்சே, இல்லையா?" என்று கேட்பாள். அப்படி எதுவும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை என்பேன். மனநல மருத்துவரிடம் நானே கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார். ஒரு நாள் அவள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். பெற்ற பிள்ளையின் குரலைத் தெரியாமல் அழிக்கிற கை, நோயாளிக்கு எந்த ஊசியைப் போடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். அவள் வார்டில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மச்சான் ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, அவ சின்ன வயசுல இருந்தே ஒரு பொருளை வச்ச இடம் மாறாம வைக்கிறவ. இவ எப்படி இப்படி ஆனா?"

"துக்கம், மச்சான்."

"துக்கத்துல சாப்பாடு மறக்கும். இதுவுமா மறக்கும்?"

நான் பிடி கொடுக்கவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. தங்கையின் வாழ்க்கை, மாப்பிள்ளையின் மனசு என்று அவருக்கும் ஆயிரம் யோசனை இருந்திருக்கும்.

கடைசியில் ஃபோல்டர் காலியானது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பாரம் இறங்கியது. இனி அவள் மெல்ல மெல்லத் தேறிவிடுவாள் என்று நம்பினேன். ஆனால் அவள் தினமும் காலையில் அதே நேரத்தில் அந்த வெற்று ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு தலை சீவினாள். எதுவும் ஒலிக்காது. சீப்பு முடியில் இழுபடும் சத்தம் மட்டும் என் அறைவரை கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பழகிக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று.

போன வாரம் மச்சான் எங்கள் கூடத்தில் அலமாரி ஒன்றைச் சுவரில் பொருத்த வந்தார். துளைபோடும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். அருகில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகினார். அவர் பிடுங்கியது, சர்வர் பெட்டிகளையும் அவள் கணினியையும் இணைக்கும் நெட்வொர்க் பெட்டியின் பிளக். நான் சமையலறையில் இருந்தேன். என் மனைவி எப்போதும் போலக் கணினியைப் போட்டாள். அது நெட்வொர்க்குக்காகக் காத்திருந்தது, வரவில்லை, நான் எழுதிவைத்தபடியே கவலைப்படாமல் மேலே போயிற்று. மவுண்ட் ஆகவில்லை.

"அன்பார்ந்த நேயர்களே" என்றாள் வாயாடி.

கையில் இருந்த டம்ளரை நான் கீழே போடவில்லை. மெதுவாக வைத்தேன். எந்தப் பதிவை எந்த நாளில் அழித்தேன் என்று எனக்குத் தெரியும். இரண்டு பெட்டிகளிலும் ஒரு துளி மிச்சம் இல்லை என்று சரிபார்த்தவன் நான். அந்தக் குரல் வர வழியே இல்லை. ஆனாலும் கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. சமையலறையில் இடியோடு கூடிய மழை என்றது.

"அண்ணா, வந்துட்டா! எல்லாம் வந்துடுச்சு" என்று என் மனைவி அழுதாள்.

பிளக்கைப் பார்த்ததும் புரிந்தது. நான் முதன்முதலில் அந்த வெற்று ஃபோல்டரைக் காட்டிய அன்றே, நான் பெட்டிகளுக்கு ஏற்றும்வரை பொறுக்க முடியாமல், அவளே போனிலிருந்து எல்லாவற்றையும் அதற்குள் நகல் எடுத்துப் போட்டிருக்கிறாள். எல்லாம் இதற்குள்தான் வரும் என்று நான் சொன்னேனே. மறுநாள் நான் பார்க்காமல் அதன்மேல் விரிப்பை விரித்தேன். இத்தனை மாதமும் நான் விரிப்பின்மேல் இருந்ததைத்தான் அழித்துக்கொண்டிருந்தேன். குழந்தை அடியில் பத்திரமாக இருந்திருக்கிறாள்.

என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. மச்சானின் பிளக்கை எடுத்துவிட்டு நெட்வொர்க்கைச் செருகினேன். என் அறைக்குப் போனேன். அங்கிருந்தே அவள் கணினிக்குள் நுழைந்து மறுபடி மவுண்ட் செய்தேன். ஒரே வரிதான். வெற்று விரிப்பு மீண்டும் மேலே வந்தது. கூடத்தில் அவள் திரையில் ஃபோல்டர் கண்ணெதிரே காலியாகியிருக்கும்.

குரல் மட்டும் நிற்கவில்லை. ஏற்கெனவே திறந்துவிட்ட கோப்பை லினக்ஸ் யாருக்காகவும் பிடுங்காது. கடைசிவரை படித்து முடிக்க விடும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. இம்முறை என் மனைவி வரிசையைப் பார்க்கவில்லை. முதல் பதிவில் அது வாயாடிதான் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடி போய்விடுமோ என்ற பயத்தில், தான் இதுவரை கேட்காத ஒன்றைத் திறந்திருந்தாள். கடைசியை.

அதை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே ஒளிக்க எதுவும் இல்லை. நான் முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

மூச்சு மருந்து தலையணைக்குப் பக்கத்தில் இல்லை. என் மேசைமேல் இருந்தது. அவள் என் அறைக்கதவைத் தட்டினாள். "அப்பா, மருந்து" என்றாள். நான் ஓர் அச்சகத்தின் சேமிப்பை இதே மாதிரி மவுண்ட் செய்யப் போராடிக்கொண்டிருந்தேன். உள்ளே வர அவள் தினமும் ஏதாவது சாக்குச் சொல்வாள். "நடிக்காத, வாயாடி. வேலை முடிச்சிட்டு வரேன்" என்றேன். எழுந்து தாழ்ப்பாளைப் போட்டேன். அந்தச் சத்தம் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. கதவில் திருகாணித் துளைகள் ஏன் இருக்கின்றன என்று கேட்டீர்களே, மறுவாரமே அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அதற்குப்பின் அவள் என்ன சொன்னாள் என்பதைப் பதிவில்தான் கேட்டேன்.

மவுண்ட் ஆனதும் கதவைத் திறந்தேன். கதவோடு சாய்ந்திருந்தவள் என் காலடியில் சரிந்தாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன், போர்த்தினேன், மருந்தை எடுத்து வந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். போனை அவள் கையிலிருந்து எடுத்துப் பக்கத்து மேசைமேல் வைத்தேன். அதில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது என்று தெரியாது. அறைக்குத் திரும்பி, வேலை முடிந்தது என்று அச்சகக்காரருக்குச் சொன்னேன். பிறகுதான் மனைவிக்குப் போன் செய்தேன்.

நான் கூடத்துக்கு வந்தபோது பதிவு முடிந்திருந்தது. மச்சான் துளைக்கருவியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றார். என் மனைவி அழவில்லை. வார்டில் பேசும் குரலில் கேட்டாள்.

"என்னங்க, படுக்க வச்சப்போ நாடி பிடிச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்றேன். பொய் சொல்லிப் பயன் இல்லை.

அவள் கேட்டதன் காரணம் உங்களுக்குத் தெரியும். நான் அறையைவிட்டு வெளியே போனபின் அந்தப் பதிவில் ஒரு சின்னச் சத்தம் வருகிறது. சீட்டியடிப்பது போல, விட்டு விட்டு. நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அது தானாக நிற்கும்வரை. அது மூச்சு என்கிறாள். அவள் செவிலி, அவளுக்குத் தெரியும் என்று நீங்களும் நினைக்கிறீர்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லாமே மூச்சாகத்தான் கேட்கும். அது போர்வை, ஐயா. மின்விசிறிக் காற்றில் போர்வை உராயும் சத்தம். நான் அதை எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். மூச்சாக இருந்திருந்தால், பெற்ற அப்பன், எனக்குக் கேட்டிருக்காதா?